பக்கத்து வீட்டில் மாடி எழும்போது நம் சன்னலுக்கு என்ன உரிமை?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் புதுப்பாளையத்தில், 1996இல் என் கணவர் கட்டிய ஒரு தள வீட்டில் வசிக்கிறேன். தென்புறச் சன்னலை ஒட்டித் தையல் இயந்திரத்தைப் போட்டு, ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். தெற்கே இருந்த ஓட்டு வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறார். தரைத்தளச் சுவர் லின்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. இப்போதே காலை பதினோரு மணிக்குக்கூட ட்யூப் லைட் போடாமல் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிவதில்லை. மேலே இன்னொரு தளமும் வந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கேட்டால், “என் இடத்துல நான் கட்டுறேன், பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு, நீங்க எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க” என்கிறார். காவல் நிலையத்தில் சிவில் விஷயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஏதாவது உரிமை உண்டா? — வாசகி, புதுப்பாளையம்

பதில்: உண்டு அம்மா. காவல் நிலையத்தில் சொன்னதும் சரிதான். இது அவர்கள் கையில் உள்ள விஷயம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. தன் மனையில் கட்டிக்கொள்வது ஒவ்வொரு உரிமையாளருக்கும் உள்ள உரிமை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பிளான் அப்ரூவல் கையில் இருப்பதாலேயே அண்டை வீட்டுக்காரர் எதுவும் கேட்க முடியாது என்று அவர் நினைப்பது தவறு. இந்தப் பக்கத்துக்கு வெளிச்சம் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டே வருகின்றன. அவர் கட்டட விதிகளின்படி கட்டுகிறாரா என்பது ஒரு கேள்வி. அதைக் கேட்க வேண்டிய இடம் மாநகராட்சி. அவர் விதிப்படியே கட்டினாலும், உங்கள் சன்னலுக்கு இத்தனை காலம் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தை மறைக்க அவருக்கு உரிமை உண்டா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் பதில் சொல்ல முடியும். ஒன்றில் தோற்றாலும் மற்றதில் வெல்ல வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், வழக்கறிஞர்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்று சொல்வது, தன் 15ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது: ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையின்றி, அமைதியாக, உரிமையாகவே வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால் அந்த வெளிச்சத்தையும் காற்றையும் தொடர்ந்து பெறும் உரிமை முழுமை பெறுகிறது. பக்கத்து நிலம் அரசுக்குச் சொந்தமானதாக இருந்தால் மட்டும் அது 30 ஆண்டுகள். 1996இல் கட்டிய வீட்டுக்கு 2016லேயே அந்தக் காலம் நிறைவடைந்துவிட்டது. பக்கத்து மனை கைமாறியது இதைப் பாதிக்காது. வாங்கியவர் அந்தப் பாரத்தோடு சேர்த்தே மனையை வாங்கியிருக்கிறார்.

இங்கே சிலர் சறுக்குகிறார்கள். அந்த 20 ஆண்டுக் காலம், வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடிவதாக இருக்க வேண்டும் என்று அதே பிரிவு நிபந்தனை வைக்கிறது. 2016க்குப் பிறகும் உங்களுக்கு வெளிச்சம் வந்துகொண்டே இருந்ததால் கடைசி 20 ஆண்டுகளை எண்ணிக்கொள்ளலாம்; தடை வந்த பிறகு தாமதித்தால்தான் சிக்கல். தடை ஏற்பட்டது தெரிந்த பிறகு ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டால், அதை நீங்களே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டு, தொடர்ச்சி அறுந்துவிடும் ஆபத்தும் உண்டு. “மாடி முழுசா வரட்டும், எவ்வளவு இருட்டாகுதுன்னு பார்த்துட்டுப் போகலாம்” என்று அக்கம்பக்கத்தில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உரிமை இருந்தால் மட்டும் போதாது. கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தது என்பதே பாதிப்பு ஆகிவிடாது என்பதை 33ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. வீட்டின் மதிப்பு உண்மையாகவே குறைய வேண்டும், அல்லது குடியிருப்பவரின் உடல் சௌகரியம் பெரிதும் குலைய வேண்டும், அல்லது அவர் வழக்கமாகச் செய்துவந்த தொழிலை முன்போல் பயனுள்ள வகையில் செய்ய முடியாமல் போக வேண்டும். 1904இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, கோல்ஸ் என்பவரின் வழக்கில், எவ்வளவு வெளிச்சம் போனது என்பதைவிட எஞ்சிய வெளிச்சம் சாதாரண மனிதர் வசதியாக வாழவும் வேலை செய்யவும் போதுமா என்பதே கேள்வி என்று தீர்ப்புச் சொன்னது. நம் நீதிமன்றங்களிலும் அந்த வாதம் அடிக்கடி எழும். எனவே “வீடே இருட்டாகிவிட்டது” என்று மனுவில் எழுதுவதால் பயன் இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை என்று எனக்கு எழுதினீர்களே, அதுதான் வேண்டியது. தொழில் பாதிப்புக்கு அதைவிடத் துல்லியமான சாட்சியத்தை ஒரு வழக்கறிஞர்கூட எழுதிவிட முடியாது.

வெயிலைப் பற்றி வழக்கில் அதிகம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. கடலூர் ஏறத்தாழ 11.75 பாகை வட அட்சத்தில் இருப்பதால், டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கு வானில் சுமார் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துவிடுவதால், தென்புறச் சன்னலுக்கு அப்போது எப்படியும் நேர்வெயில் இல்லை. உங்கள் சன்னலுக்கும் புதுச் சுவருக்கும் இடையே ஐந்தடி இடைவெளி இருந்து, சுவர் சன்னலின் அடிமட்டத்திலிருந்து இருபதடி உயர்ந்தால், செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை நண்பகல் வெயில் சன்னலின் அடிப்பகுதியை எட்டாது. எதிர்த்தரப்பு உடனே, “வெயில் வராததால் வீடு குளிர்ச்சியாக அல்லவா ஆகியிருக்கிறது” என்று கேட்கும். உங்கள் இழப்பு வெயில் அல்ல. அந்தச் சன்னலிலிருந்து முன்பு தெரிந்த வானம். பழைய ஓட்டு வீட்டின் கூரை சாய்ந்து இறங்கியதால் அதற்கு மேலே வானம் விரிந்திருந்தது. நாள் முழுதும் அறைக்குள் பரவிய வெளிச்சம் அங்கிருந்து வந்ததுதான். அது எவ்வளவு மறைந்தது என்பதையே படமாகவும் அளவாகவும் காட்ட வேண்டும்.

ஆகவே சாட்சியங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். 1996ஆம் ஆண்டின் கட்டட அனுமதி வரைபடத்தில் அந்தச் சன்னல் குறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. அது கிடைக்காவிட்டால் சொத்து வரி ரசீதுகள், முதல் மின் இணைப்பு அட்டை, வீட்டுக் கடனுக்காக வங்கி எடுத்த மதிப்பீட்டு அறிக்கை ஆகியவை உதவும். பழைய குடும்பப் படங்களையும் புரட்டுங்கள். காதுகுத்து, மஞ்சள்நீராட்டு என்று எடுத்த படங்களில் பின்னணியில் அந்தச் சன்னல் தெரிந்தால், பின்புறம் அச்சான தேதியோடு அது நல்ல ஆவணம். அடுத்து, அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே இடத்தில் நின்று, காலை பத்து, நண்பகல், மாலை நான்கு என்று வாரந்தோறும் படம் எடுங்கள். சுவர் ஏற ஏற வெளிச்சம் இறங்குவது அந்த வரிசையில் தெரியும். இடையில் அந்தச் சன்னலைப் பெரிதாக்கியிருந்தால் அதை மறைக்க வேண்டாம். பழைய அளவுச் சன்னல் வழியாக வந்த வெளிச்சத்துக்குத்தான் உரிமை உண்டு, கூடுதலுக்கு அது எப்போது திறக்கப்பட்டதோ அன்றிலிருந்து தனியாக ஆண்டுக் கணக்கு வரும்.

இனி மாநகராட்சி. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்துப் பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வகுத்துள்ளன. நம்மவர்கள் செட்பேக் என்று சொல்வது அதைத்தான். தொடர் கட்டடப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட தெருக்களில் பக்க இடைவெளி தேவையில்லை என்பதால், முதலில் உங்கள் தெரு எந்த வகை என்று கேட்டறியுங்கள். அவருடைய அனுமதி எந்த வழியில் வந்தது என்பதையும் கேளுங்கள். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோருக்கு, சுயசான்றின் பேரில் இணையவழியாக உடனடி அனுமதி தரப்படுகிறது. அதிகாரி முன்கூட்டியே வந்து டேப் பிடித்து அளந்து பார்த்துத் தந்த அனுமதி அல்ல அது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சின்ன வீடு கட்டுகிறவர் மாதக்கணக்கில் அலைந்த காலம் முடிந்தது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் உள்ளதும் மண்ணில் எழுவதும் ஒன்றுதானா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கொஞ்சம் பக்கத்து வீட்டுக்காரர் தலையிலும் விழுந்திருக்கிறது.

அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் 30 நாளில் உங்கள் பக்கத்து வீட்டில் காங்கிரீட் போட்டே முடித்துவிடுவார்கள். எனவே மனுவைப் போட்டுவிட்டு, அதே நாளில் நகரமைப்புப் பிரிவுக்கு நேரில் சென்று, விதிமீறல் என்று நீங்கள் கருதுவதை அளவுகளோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதிக்கு மாறாகக் கட்டப்படும் கட்டடத்துக்கு அறிவிப்பு அனுப்பவும், வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகள் அதிகாரம் அளிக்கின்றன. மனு அசையாவிட்டால் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். “வெளிச்சம் வரவில்லை” என்று அங்கே எழுதாதீர்கள்; “அனுமதித்த இடைவெளி இவ்வளவு, விட்டிருப்பது இவ்வளவு” என்று மட்டும் எழுதுங்கள். வெளிச்சம் மாநகராட்சியின் விஷயம் அல்ல என்று திருப்பி அனுப்ப ஒரு காரணத்தை நாமே கொடுக்க வேண்டாமே.

நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால், நிரந்தர உறுத்துக் கட்டளை, அதாவது தடை உத்தரவு, கேட்டு வழக்கும், அதோடு இடைக்கால உறுத்துக் கட்டளை கேட்டு மனுவும், இடத்தைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கோரும் மனுவும் ஒன்றாகத் தாக்கல் செய்வது வழக்கம். மூன்றாவதைத் தவறவிடாதீர்கள். ஆணையர் வரும்போது அறையின் விளக்கை அணைத்து, தையல் இயந்திரத்தில் கறுப்புத் துணியை வைத்து, அவரையே பார்க்கச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருந்தால், அவருக்கு அறிவிப்புத் தராமல் இடைக்கால உத்தரவு கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேவியட் 90 நாள்களுக்கு உயிரோடு இருக்கும். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். வழக்குக்கு முன்பே சமரசம் பேசவும் அங்கே வழி உண்டு.

கட்டி முடித்த மாடியை இடிக்கச் சொல்ல நீதிமன்றங்கள் தயங்கும். பெரும்பாலும் இழப்பீட்டோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். லின்டல் மட்டத்தில் உள்ள சுவர் வேறு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் வரை பூசி முடித்த வீடு வேறு. உங்களுக்கு இப்போது இருக்கும் பெரிய சாதகம் சட்டப் பிரிவு அல்ல, சென்டிரிங் இன்னும் அடிக்கவில்லை என்பதுதான்.

அந்தச் சாதகத்தை நீதிமன்றத்துக்கு வெளியே பயன்படுத்த முடியுமா என்று ஒரு முறை பாருங்கள் என்பேன். அவரிடம் தனியாகப் போகாதீர்கள். அவர் மதிக்கும் ஒருவரையும், முடிந்தால் அவருடைய பொறியாளரையோ மேஸ்திரியையோ வைத்துக்கொண்டு பேசுங்கள். “கட்டாதீங்க” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மாடியை உங்கள் பக்கம் நான்கைந்து அடி உள்வாங்கி, அந்த இடத்தைத் திறந்த மாடமாக விட முடியுமா. மாடிப்படியின் தலைக்கூண்டையும் தண்ணீர்த் தொட்டியையும் தெற்குப் பக்கம் தள்ள முடியுமா. மாடத்துக்குச் செங்கல் கைப்பிடிச் சுவருக்குப் பதில் கம்பிக் கிராதி வைக்க முடியுமா. உங்கள் சன்னலுக்கு எதிரே வரும் சுவருக்கு வெள்ளை அடித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதை அற்பமாக நினைக்காதீர்கள். ஐந்தடித் தூரத்தில் பூசாத செங்கல் சுவர் நிற்பதற்கும் வெள்ளைச் சுவர் நிற்பதற்கும் அறைக்குள் தெரியும் வேறுபாடு பெரிது.

கொடுப்பதற்கு உங்களிடமும் ஒன்று இருக்கிறது. அவருடைய வடபுறச் சுவரின் வெளிப்பக்கத்தைப் பூசி வண்ணம் அடிக்க வேண்டுமானால், அவ்வளவு குறுகிய இடைவெளியில் உங்கள் மனையில் கால் ஊன்றாமல் சாரம் கட்டுவது கடினம். பூசாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அந்தச் சுவரில்தான் இறங்கும். சாரம் கட்ட இடம் தருகிறேன், நீங்கள் மாடியை உள்வாங்கிக் கட்டுங்கள் என்று பேசிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அதை இருவரும் கையெழுத்திட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் “வெளிச்சத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்” என்ற வரி மட்டும் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதுநகரில் எங்கள் அப்பாவின் வீட்டை 2015இல் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். நடுவில் இருந்த முற்றம் அண்ணன் பாகத்தில் போனது. என் பாகத்தின் கூடத்துக்கும் சமையலறைக்கும் அந்த முற்றத்திலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. அண்ணன் இப்போது முற்றத்தைத் தளம் போட்டு மூடி அறை கட்டப்போகிறார். 20 ஆண்டு ஆகாததால் எனக்கு உரிமை இல்லை என்கிறார்கள். — வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அப்படிச் சொன்னவர்கள் 15ஆவது பிரிவோடு நிறுத்திவிட்டார்கள். பாகப்பிரிவினைக்கு முன் இரண்டு பாகமும் ஒரே சொத்தாக இருந்ததால், அந்த ஆண்டுகள் 20ஆண்டுக் கணக்கில் சேராது என்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே உள்ளது. கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒரு பாகத்தைப் பிரிவினை நாளில் இருந்தபடியே அனுபவிக்கத் தேவையான வசதி மற்றொரு பாகத்தின் மீது கண்ணுக்குத் தெரியும்படியும் தொடர்ந்தும் இருந்தால், அதற்கு மாறான எண்ணம் பத்திரத்தில் இல்லாதவரை, அந்த வசதி அன்றே உரிமையாகிவிடும். சன்னல் வழியாக வரும் வெளிச்சம் தொடர்ச்சியான வசதிக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு. முற்றத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் சன்னல் யார் கண்ணுக்கும் தெரியும்.

எனவே எல்லாம் உங்கள் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருக்கிறது. “அவரவர் பாகத்தில் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொள்ளலாம், மற்றவர் ஆட்சேபிக்கக் கூடாது” என்ற வாசகம் அதில் இருந்தால் உங்கள் நிலை பலவீனம். பத்திரம் எழுதுபவர்கள் கேட்காமலே அதைச் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. அத்தகைய வரி இல்லையென்றால் உடனே வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பலாம். அண்ணன் என்பதால் அதற்கு முன் நேரில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: முற்றத்தின் மேல் காங்கிரீட் தளத்துக்குப் பதிலாக, சுற்றிலும் ஓர் அடி உயரத்துக்குக் கட்டைச்சுவர் எழுப்பி, அதன் மேல் கண்ணாடி போட்டால் அவருக்கு அறையும் உங்களுக்கு வெளிச்சமும் கிடைக்கும். காற்றுக்குக் கட்டைச்சுவரின் பக்கங்களில் திறப்பு விட வேண்டும்.

கேள்வி: செம்மண்டலத்தில் எனக்கு ஒரு காலி மனை உள்ளது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டு ஆண்டுகளுக்கு முன் என் மனையைப் பார்த்து மூன்று சன்னல் வைத்தார். நான் இப்போது வீடு கட்டத் தொடங்கியதும், வெளிச்சத்தை மறைக்கிறேன் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். — வாசகர், கடலூர்

பதில்: எட்டு ஆண்டுகளில் அந்த உரிமை பிறக்காது. நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தாலன்றி, விதிப்படி இடைவெளி விட்டு நீங்கள் கட்டலாம். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். அந்தச் சன்னல்கள் எந்த ஆண்டு வைக்கப்பட்டன என்பதைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிட்டு, கேவியட் ஒன்றும் போட்டு வையுங்கள். காலி மனையை அப்படியே போட்டு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்தில் உங்கள் மனையைப் பார்த்துச் சன்னல் திறக்கப்பட்டால் தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் சூரிய மின்தகடு போட்டிருக்கிறேன். பக்கத்தில் மாடி உயர்ந்ததால் மூன்று மணிக்குமேல் நிழல் விழுகிறது. இதற்கும் இதே உரிமை உண்டா? — வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இதில் நம்பிக்கை தர என்னால் முடியவில்லை. கட்டடத்துக்குள் வரும் வெளிச்சத்தையே 15ஆவது பிரிவு காக்கிறது. திறந்த வெளி நிலத்துக்கு வரும் வெளிச்சத்தைக் கால அனுபவத்தால் உரிமையாக்க முடியாது என்று 17ஆவது பிரிவு சொல்கிறது. மாடியில் கிடக்கும் தகட்டுக்கு அந்தச் சட்டத்தை நீட்டுவது கடினம். போதாததற்கு உங்கள் தகடுகளுக்கு 20 வயது ஆகியிருக்காது. பக்கத்து வீட்டில் இடைவெளி விதிமீறல் இருந்தால் மாநகராட்சி வழி மட்டும் உண்டு. அதைவிட, தகடு பொருத்தியவரை அழைத்து நிழல் விழும் வரிசையைப் பாருங்கள். எல்லாத் தகடுகளும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்தால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். நிழல் விழும் தகடுகளைத் தனித் தொடராகப் பிரித்தாலோ, அவற்றுக்கு, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே இயங்கவைக்கும் ஆப்டிமைசர் கருவியைப் பொருத்தினாலோ, அல்லது தாங்கும் கம்பிச் சட்டத்தை உயர்த்தி மாடியின் மறுபக்கம் நகர்த்தினாலோ, இழப்பில் நல்ல பங்கைத் திரும்பப் பெறலாம். உயர்த்துவதாக இருந்தால் சட்டத்தின் அடிப்பிடிப்பைப் பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கரை கடந்த ஊர் இது.